இங்கிலீஷ்ல "ங்க" எங்க போடுறது? கருத்து கேட்டாலும் சொன்னாலும் மூஞ்சில அடிச்ச மாதிரி வருது

மழைக்காலம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா கேள்வி போடுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு இங்கிலீஷ் படிக்க எழுதப் பெருசா பிரச்சனை இல்ல, கிராமரும் ஓரளவுக்கு வரும். ஆனா ஒருத்தர்கிட்ட "இதப்பத்தி நீங்க என்ன நெனக்கிறீங்க"ன்னு கேக்கணும்னாலோ, அவங்க கேட்டு நான் என் மனசுல பட்டத சொல்லணும்னாலோ, வெடுக்குன்னு வந்து விழுந்துடுது. தமிழ்ல நான் அப்படிப் பேசுற ஆளே கிடையாது, யார் மனசும் கோணாமப் பேசணும்னுதான் எப்பவும் நெனப்பேன், அதனாலதான் இது இவ்ளோ உறுத்துது.

போன வாரம் நடந்தத சொல்றேன். ஆன்லைன் மீட்டிங், வேற நாட்டுல இருந்து ஒரு சீனியர் மேடம், ரெண்டு வாரம் உக்காந்து அவங்க பண்ண டிசைன ஸ்க்ரீன்ல காட்டிட்டு "வாட் டு யூ திங்க்?"னு என் பேரச் சொல்லிக் கேட்டாங்க. நான் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு: "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன். ஐ திங்க் இட் இஸ் நாட் குட் ஃபார் நியூ யூசர்ஸ். யூ பெட்டர் சேஞ்ச் த ஃபர்ஸ்ட் பேஜ்." அவ்ளோதான், மீட்டிங்கே அமைதியாயிடுச்சு. அவங்க "ஓகே... தேங்க்ஸ்"னு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டாங்க. சாயங்காலம் என் மேனேஜர் தனியா மெசேஜ் பண்ணி, ஏதாவது கோவமா இருக்கியா, அவங்களோட ஏதாவது பிரச்சனையான்னு கேக்குறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. உண்மைய சொன்னா அந்த டிசைன் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு, முதல் பக்கத்துல மட்டும் பட்டன் எங்க இருக்குன்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாதேன்னு தோணுச்சு, அத சொல்லத்தான் வாயத் திறந்தேன்.

கேக்குற பக்கமும் இதே கதைதான். "வாட் இஸ் யுவர் ஒப்பீனியன்? ப்ளீஸ் டெல்"னு மெசேஜ் போட்டா "லுக்ஸ் ஃபைன்"னு ரெண்டே வார்த்தைல முடிச்சிடுறாங்க. நெட்ல தேடுனா ஐம்பது வாக்கியத்த வரிசையாப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க, எத எங்க யார்கிட்ட சொல்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் சொன்ன அந்த மூணு வாக்கியத்துல எது தப்பு? கிராமரா, வார்த்தையா, இல்ல சொன்ன விதமா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க, அவங்ககிட்ட திரும்பப் பேசணும்.

பழைய_டீச்சர்:

மழைக்காலம், முதல்ல மனச போட்டுக் குழப்பிக்காதீங்க. நீங்க தப்பான எண்ணத்துல எதுவும் சொல்லல, தமிழ்ல மரியாதையா இருக்குற ஒரு பேச்ச அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போனீங்க, வழியில மரியாதை மட்டும் கீழ விழுந்துடுச்சு. இத்தன வருஷம் சொல்லிக் குடுத்ததுல நான் அதிகமாப் பாத்தது இந்த மூணு வாக்கியத்தத்தான், அதனால ஒவ்வொண்ணா எடுத்துக்குறேன்.

"ஐ ஹேவ் எ டவுட்." தமிழ்ல சந்தேகம்னா ரெண்டு அர்த்தம். கிளாஸ்ல கை தூக்கி "டீச்சர் ஒரு சந்தேகம்"னா அது கேள்வி. "அவன் மேல எனக்கு சந்தேகம்"னா அது நம்பிக்கை இல்லாதது. நாம இந்த ரெண்டயும் டவுட்ங்குற ஒரே வார்த்தைக்குள்ள போட்டுப் பழகிட்டோம், நம்ம ஆளுங்களுக்குள்ள பேசும்போது புரிஞ்சுடும். ஆனா வெளில இருக்குறவங்க காதுல டவுட்னா ரெண்டாவது அர்த்தம்தான் விழும். அப்போ அந்த மேடம் கேட்டது என்ன தெரியுமா, "உங்க டிசைன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல". ரெண்டு வாரம் உழைச்சவங்க, பத்து பேர் முன்னாடி. நீங்க சொல்ல நெனச்சது "ஐ ஹேவ் எ க்வெஸ்சன் அபௌட் த ஃபர்ஸ்ட் பேஜ்". டவுட்ட எடுத்துட்டு க்வெஸ்சன் போடுங்க, பாதிப் பிரச்சனை போயிடும். இன்னொண்ணையும் கவனிங்க, "யுவர் டிசைன்"ங்கிறது "த ஃபர்ஸ்ட் பேஜ்"னு ஆயிடுச்சு, ஆள விட்டுட்டுப் பொருளப் பத்திப் பேசுறோம், அதுவே பெரிய ஆறுதல்.

"ஐ திங்க் இட் இஸ் நாட் குட்." கிராமர் தப்பே இல்ல. ஆனா இங்கிலீஷ்ல இந்த மாதிரி இடத்துல அந்த "நாட்"ங்குற வார்த்தைய முன்னாடி இழுத்துட்டு வந்து திங்க் பக்கத்துல உக்கார வைப்பாங்க, "ஐ டோன்ட் திங்க் இட்ஸ்..."னு. இது நமக்குப் புதுசு கிடையாது. "இது சரியில்லன்னு நெனக்கிறேன்"னு ஒருத்தர் சொல்றதுக்கும் "இது சரியா இருக்கும்னு எனக்குத் தோணல"ன்னு சொல்றதுக்கும் உங்க காதுக்கே வித்தியாசம் தெரியுதுல்ல? முதல்ல சொன்னது பொருளுக்குக் குறை சொல்லுது, ரெண்டாவது என் மனசுக்குத் தோணாதத சொல்லுது. நீங்க "தோணல"லேருந்து இங்கிலீஷுக்குப் போங்க, "ஐ டோன்ட் திங்க்" தானா வரும். அப்புறம் நாட் குட்டுக்குப் பதிலா நாட் வெரி ஈஸி, நாட் வெரி க்ளியர்னு நல்ல வார்த்தையப் போட்டு அதுக்கு முன்னாடி நாட் வெரின்னு வச்சா இன்னும் இதமா இருக்கும். "ஐ டோன்ட் திங்க் இட்ஸ் வெரி க்ளியர் ஃபார் நியூ யூசர்ஸ்."

மூணாவதுதான் ரொம்ப மோசம், கோவிச்சுக்காதீங்க. "யூ பெட்டர்". நீங்க "மாத்துனா நல்லாருக்கும்"னு நெனச்சு சொன்னீங்க. ஆனா யூ பெட்டர், சரியா சொன்னா யூட் பெட்டர்ங்கிறது இங்கிலீஷ்ல எச்சரிக்கை, மாத்திடு, இல்லன்னா ஏதாவது ஆகும்னு ஒரு மிரட்டல் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அம்மா புள்ளகிட்ட சொல்லலாம், மழை வரப்போகுது குடை எடுத்துக்கோன்னு நெருங்கின ஃப்ரெண்டுகிட்ட சொல்லலாம், சீனியர்கிட்ட சொல்லக்கூடாது. அங்க "இட் மைட் பி பெட்டர் இஃப் த பட்டன் வாஸ் அட் த டாப்", இல்லன்னா "வுட் இட் ஹெல்ப் இஃப் வீ மூவ்ட் த பட்டன்?". பெட்டர்ங்குற அதே வார்த்தைதான், ஆனா யூவுக்குப் பக்கத்துல வராம இட் பக்கத்துல வருது.

இப்போ உங்க தலைப்புக்கு வர்றேன், "ங்க" எங்க போடுறதுன்னு கேட்டீங்களே, ரொம்ப நல்ல கேள்வி. நமக்கு மரியாதை வார்த்தையோட வால்லயே இருக்கு, சொல்லுங்க, பாருங்க, நீங்க. அத ஒட்டிட்டா எவ்ளோ நேரடியா சொன்னாலும் ஓரளவு தாங்கும். "இது சரியில்லைங்க"ன்னா யாரும் பெருசா கோவிச்சுக்க மாட்டாங்க. இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல நீ, நீங்க ரெண்டும் இருந்துச்சு, தௌன்னா நீ, யூன்னா நீங்க. 17ஆம் நூற்றாண்டு வாக்குல சாதாரணப் பேச்சுலேருந்து தௌ மெல்ல மறைஞ்சு எல்லாருக்கும் யூன்னு ஆயிடுச்சு. எல்லாரும் நீங்கன்னு ஆயிட்டா அப்புறம் அந்த நீங்கவுக்கு மதிப்பு ஏது? அதனால மரியாதை வேற இடத்துக்குக் குடி போயிடுச்சு, வுட், குட் (நல்லதுங்குற குட் இல்ல, "குட் யூ"ல வர்ற குட்), மைட் மாதிரி துணை வினைக்கும், இறந்த காலத்துக்கும், பிட், பெர்ஹாப்ஸ் மாதிரி குட்டி வார்த்தைகளுக்கும்.

இறந்த காலமான்னு ஆச்சரியப்படாதீங்க. "ஐ வாஸ் வொண்டரிங் வாட் யூ தாட்", "ஐ வான்டட் டு ஆஸ்க் யூ", எல்லாமே இப்போ இந்த நிமிஷம் கேக்குறதுதான், ஆனா நேத்து நடந்த மாதிரி சொல்றாங்க, ஏன்னா அப்படி சொன்னா கேக்குறவங்க மேல அழுத்தம் கொறயுது. நாமளும் பெரியவங்ககிட்ட போய் நின்னுட்டு "ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்", "உங்ககிட்ட ஒரு யோசன கேக்கணும்னு நெனச்சேன்"னுதானே சொல்றோம்? வந்தேன், நெனச்சேன், ரெண்டும் இறந்த காலம். அதே தந்திரம்தான். உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் இது, நம்பிக்கையாப் பயன்படுத்துங்க.

எட்டாவது_மாடி:

டீச்சர் சொன்னதுக்கு மேல நான் கேக்குற பக்கத்தப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நான் நாலு வருஷமா வேற வேற நாட்டு ஆளுங்களோடதான் வேலை பாக்குறேன், ஆரம்பத்துல எனக்கும் "லுக்ஸ் ஃபைன்"தான் வந்துட்டு இருந்துச்சு.

"வாட் இஸ் யுவர் ஒப்பீனியன்" தப்பு இல்ல, ஆனா அது ஒரு மாதிரி மைக்க நீட்டி "உங்கள் கருத்து என்ன"ன்னு பேட்டி எடுக்குற தொனி. நாம வீட்டுல "உன் கருத்து என்ன"ன்னா கேக்குறோம், "என்ன சொல்ற", "உனக்கு எப்படித் தோணுது"ன்னுதானே கேக்குறோம். அதுக்கு இங்கிலீஷ்ல "வாட் டு யூ திங்க்?" போதும், அதுவே முக்கால்வாசி இடத்துக்கு சரியா வரும். கொஞ்சம் நெருக்கமா இருந்தா "வாட்ஸ் யுவர் டேக் ஆன் திஸ்?", ஒரு மாற்றம் பத்தி மனசுக்கு எப்படி இருக்குன்னு கேக்கணும்னா "ஹௌ டு யூ ஃபீல் அபௌட் இட்?". இங்க ஒரு சறுக்கல் உண்டு, நாம "எப்படி நெனக்கிறீங்க"ன்னு மனசுல வச்சுட்டு "ஹௌ டு யூ திங்க்"னு கேட்டுடுவோம், அது "உங்க மூளை எந்த முறையில யோசிக்குது"ன்னு கேக்குற மாதிரி ஆயிடும். திங்க்குக்கு வாட், ஃபீலுக்கு ஹௌ, இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

அப்புறம் "ப்ளீஸ் டெல்". ப்ளீஸ் போட்டா மரியாதை வந்துடும்னு நாம நெனக்கிறோம், ஆனா ப்ளீஸ் போட்ட கட்டளையும் கட்டளைதான். கேள்வியா மாத்திடுங்க, "குட் யூ டெல் மீ வாட் யூ திங்க்?". இதுல கவனிக்க வேண்டியது, உள்ள போன கேள்வி திரும்பி சாதாரண வாக்கியம் மாதிரி ஆயிடும், "வாட் டு யூ திங்க்" இல்ல, "வாட் யூ திங்க்". குட் யூ டெல் மீ வாட் டு யூ திங்க்னு சொன்னாலும் புரியும், ஆனா காதுல தட்டும்.

இன்னொண்ணு, நம்மள அறியாம நாம கேள்விக்குள்ளயே பதில வச்சிடுறோம். "இட்ஸ் குட், நோ?", "டோன்ட் யூ திங்க் இட்ஸ் பெட்டர்?". இது கருத்து கேக்குறதே இல்ல, ஆமான்னு சொல்லுன்னு கைய முறுக்குறது. "நல்லாருக்குல்ல?"னு ஃப்ரெண்டுகிட்ட புதுச் சட்டையக் காட்டிக் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னா பதில் எந்தப் பக்கம் வேணா போகலாம்ங்குற மாதிரிக் கேளுங்க.

ஆனா இது எல்லாத்தையும் விட எனக்கு வேலை செஞ்சது என்னன்னா, சின்னதாக் கேக்குறது. முழு ஃபைலையும் அனுப்பிட்டு எனி தாட்ஸ்னு கேட்டா யாருக்கும் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது, அதனால லுக்ஸ் ஃபைன். நான் முன்னாடி அனுப்புனது இது: "ஹாய், ப்ளீஸ் செக் அண்ட் டெல் யுவர் ஒப்பீனியன்." இப்போ அனுப்புறது: "ஹாய், ஐம் நாட் ஷ்யூர் அபௌட் த செகண்ட் பாரா, இட் ஃபீல்ஸ் எ பிட் லாங் டு மீ. வுட் யூ கட் இட், ஆர் லீவ் இட் அஸ் இட் இஸ்?" பாருங்க, எங்க எனக்கே திருப்தி இல்லன்னு நானே முதல்ல சொல்லிட்டேன், அதனால அவங்க குறை சொன்னாலும் என்ன எதிர்த்துப் பேசுற மாதிரி இருக்காது, என்னோட சேந்து யோசிக்கிற மாதிரி ஆயிடும். மூணு நாள் ஆகுற பதில் அரை மணி நேரத்துல வந்துச்சு, அதுவும் ரெண்டு பத்தி அளவுக்கு.

மொழியியல்_மாணவி:

தலைப்புல "மூஞ்சில அடிச்ச மாதிரி"ன்னு போட்டிருந்தீங்க, அதப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. மரியாதைப் பேச்சப் பத்தி உலகம் முழுக்க அதிகமா மேற்கோள் காட்டுற ஆய்வு பெனலப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் ரெண்டு பேரும் பண்ணது, 1978ல முதல்ல வந்து 1987ல தனிப் புத்தகமாவும் வந்துச்சு. அதோட மையக் கருத்தே ஃபேஸ், அதாவது முகம். அவங்க முக்கியமா எடுத்துக்கிட்டது மூணு மொழி, இங்கிலீஷ், மெக்சிகோல பேசுற ட்செல்டால், மூணாவது நம்ம தமிழ். கிராமத்துல இருந்து தமிழ்ப் பேச்ச சேகரிச்சது லெவின்சன். ஆக, நீங்க கேக்குற இந்த விஷயத்த உலகத்துக்கு விளக்குனதுலயே தமிழுக்குப் பங்கு இருக்கு, எனக்கு இத முதல் தடவையாப் படிச்சப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

அவங்க சொல்றது சுருக்கமா இதுதான். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தேவை இருக்கு. நம்மள நாலு பேருக்குப் புடிக்கணும், நாம பண்ணத மதிக்கணும்ங்குறது ஒண்ணு. நம்மள யாரும் நெருக்கக்கூடாது, இதப் பண்ணு அதப் பண்ணுன்னு கட்டாயப்படுத்தக்கூடாதுங்குறது இன்னொண்ணு. குறை சொன்னா முதல் முகத்துல அடி விழுது, கட்டளை போட்டா ரெண்டாவது முகத்துல அடி விழுது. மழைக்காலம் சொன்ன மூணு வாக்கியத்துல முதல் ரெண்டும் ஒரு முகத்துலயும் கடைசி வாக்கியம் இன்னொரு முகத்துலயும் போய் விழுந்திருக்கு. டீச்சர் மாத்திக் குடுத்த வாக்கியங்கள் ரெண்டையும் காப்பாத்துது.

ஆனா நீங்க சொன்னதுல இன்னொரு விஷயத்த யாரும் கவனிக்கல, "கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னேன்"னு எழுதியிருந்தீங்க. அங்கயே அவங்க முகம் மாற ஆரம்பிச்சிருக்கும். பத்து மொழிகள ஒப்பிட்டு 2009ல வந்த ஒரு ஆய்வுல, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி சராசரியா 200 மில்லி செகண்ட் வாக்குலதான் இருந்துச்சு, கண் சிமிட்டுற நேரம்தான். அதுக்கு மேல அமைதி நீண்டா கேட்டவங்க மனசு "ஓ, இவங்களுக்குப் புடிக்கல போல"ன்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். அனிட்டா பொமரான்ட்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1984லயே இத எழுதுனாங்க, ஒத்துப்போற பதில் டக்குன்னு வரும், ஒத்துப்போகாத பதில் தயங்கித் தயங்கி, வெல்னு ஆரம்பிச்சு, பாதி ஒத்துக்கிட்டு அப்புறம்தான் ஆனான்னு வரும்னு. நீங்க தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷுக்கு மாத்துறதுக்கு எடுத்த ரெண்டு மூணு செகண்ட அவங்க தயக்கம்னு எடுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் வந்ததும் டவுட்ங்குற வார்த்தை.

அதனால யோசிக்கிற நேரத்த சத்தமா யோசிங்க. "ம்ம், லெட் மீ திங்க்", "குட் யூ கோ பேக் டு த ஃபர்ஸ்ட் பேஜ் ஃபார் எ செகண்ட்?", "ஐ லைக் த கலர்ஸ், லெட் மீ லுக் அட் த ரெஸ்ட்". அந்த அமைதிய நீங்க நிரப்பலன்னா அவங்க மனசு வேற எதையாவது வச்சு நிரப்பிடும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இது தலைகீழ். அவங்க தன்னையே குறைச்சு சொன்னா, "ஐம் டெரிபிள் அட் திஸ்"னு, அங்க தயங்கவே கூடாது, உடனே "நோ, நாட் அட் ஆல்"னு மறுத்திடணும். அங்க அமைதியா இருந்தா ஆமான்னு அர்த்தம் ஆயிடும்.

மழைக்காலம்:

டீச்சர், எட்டாவது மாடி அண்ணா, மொழியியல் அக்கா, மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்த டவுட் விஷயம் படிச்சதும் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு, எத்தன பேர்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல நெருடுது. இப்படி மைட், பெர்ஹாப்ஸ், நாட் வெரின்னு சுத்தி சுத்தி சொன்னா அது பூசி மெழுகுறது ஆயிடாதா? உண்மையாவே ஒரு விஷயம் தப்புன்னு எனக்குத் தெரிஞ்சா அதத் தெளிவா சொல்ல வேணாமா?

நேர்வழி:

மழைக்காலம் கேட்டது சரியான கேள்வி, நான் மேல இருக்குறவங்களோட கொஞ்சம் மாறுபடுறேன். இதமா சொல்றது வேணும்தான், ஆனா எல்லா இடத்துலயும் எல்லாத்தையும் மெதுவாக்கிட்டே போனா சொல்ல வந்ததே காணாமப் போயிடும். என் அனுபவத்துல நான் ஒரு தடவ "இட் மைட் பெர்ஹாப்ஸ் பி எ லிட்டில் பிட் ரிஸ்கி"ன்னு சொன்னேன், கணக்குல ஒரு பெரிய தப்பு இருந்துச்சு, அத சொல்லத்தான். யாரும் கண்டுக்கல, அப்படியே அனுப்பிட்டாங்க, ரெண்டு நாள் எல்லாரும் உக்காந்து திருத்துனோம். நாலு மெத்தைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அடியில இருக்குற கல்லு யாருக்கும் குத்தாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு மெத்த போதும். மைட் போட்டா பெர்ஹாப்ஸ் வேணாம்.

ரசனை சம்பந்தப்பட்டது, கலர், வார்த்தை, வரிசை, இங்கல்லாம் மெதுவா சொல்லுங்க. கணக்கு, தேதி, ஆபத்து, இதுல தெளிவா சொல்லுங்க, மரியாதைய முன்னாடி ஒரே ஒரு சொல்லுல வச்சிடுங்க. "ஐம் அஃப்ரெய்ட் த டோட்டல் இஸ் ராங், த லாஸ்ட் ரோ இஸ் கவுண்டட் ட்வைஸ்." ஐம் அஃப்ரெய்ட்னா இங்க பயம் இல்ல, "சொல்லக் கஷ்டமா இருக்கு, ஆனா"ன்னு அர்த்தம். அதுக்கப்புறம் காரணம் வந்துடணும். காரணம் இல்லாம ராங்னு சொன்னாதான் ஆளு மேல பாயுற மாதிரி இருக்கும், காரணத்தோட சொன்னா எல்லாரும் அந்த வரியத்தான் பாப்பாங்க, உங்களப் பாக்க மாட்டாங்க.

சில வார்த்தைங்க மரியாதை வேஷத்துல இருக்கும், நம்பிடாதீங்க. "வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்"னு ஆரம்பிச்சா அடுத்து வர்றது பலமான மறுப்புன்னு கேக்குறவங்களுக்குத் தெரியும், நிமிந்து உக்காந்துடுவாங்க. "டு பி ஹானஸ்ட்"ம் அப்படித்தான், பின்னாடி குறை வரப்போகுதுன்னு மணி அடிக்கிற மாதிரி. "ஆஸ் ஃபார் ஆஸ் ஐம் கன்சர்ன்ட்"ட நாம "என்னப் பொறுத்தவரைக்கும்"னு நெனச்சு சொல்லுவோம், ஆனா அது சில இடத்துல "மத்தவங்க என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்ல"ங்குற தொனில போய் விழும். "அக்கார்டிங் டு மீ" வேணவே வேணாம், அக்கார்டிங் டு வேற ஒருத்தர் சொன்னத சொல்றதுக்கு. உங்க கருத்துக்கு ஐ திங்க், ஐட் சே, இட் சீம்ஸ் டு மீ, இந்த மூணே வாழ்நாளுக்கும் போதும்.

நாம கேக்குற பக்கமும் ஒரு எச்சரிக்கை இருக்கு. பிரிட்டிஷ்காரங்க க்வைட் குட்னு சொன்னா பெரும்பாலும் "பரவால்ல, ஓரளவு நல்லாருக்கு"ன்னுதான் அர்த்தம், அமெரிக்கக்காரங்க அதே க்வைட் குட் சொன்னா ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம். நாட் பேட்னு பிரிட்டிஷ்காரங்க சொன்னா அது பல நேரம் பாராட்டு. வார்த்தைய மட்டும் பாத்து சந்தோஷமோ வருத்தமோ படாதீங்க, அதுக்கப்புறம் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.

பழைய_டீச்சர்:

நேர்வழி சொன்ன அந்த "ஒரு வாக்கியத்துக்கு ஒரு மெத்த"ய நான் எடுத்துக்குறேன், இனிமே என் பசங்களுக்கு அப்படியே சொல்லப்போறேன். மழைக்காலம், பூசி மெழுகுறதுன்னா உண்மைய மறைக்கிறது. இங்க உண்மை அப்படியே இருக்கு, பட்டன் எங்க இருக்குன்னு தெரியல, அத ரெண்டு விதமாவும் நீங்க சொல்லிடுறீங்க. வித்தியாசம் கேக்குறவங்களுக்குப் பதில் சொல்ல இடம் விடுறதுலதான்.

ராத்திரி_படிப்பு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ஐஈஎல்டிஎஸ்ங்குற இங்கிலீஷ் தேர்வு எழுதப்போறேன், ஸ்பீக்கிங் டெஸ்ட்ல மூணாவது பகுதி முழுக்க கருத்துக் கேள்வியா வருதே, அங்கயும் இப்படி மெதுவாத்தான் சொல்லணுமா?

எட்டாவது_மாடி:

நான் எழுதியிருக்கேன் தம்பி. மொத்தம் 11லேருந்து 14 நிமிஷம், அதுல மூணாவது பகுதி 4, 5 நிமிஷம். அங்க உன் கருத்து சரியா தப்பான்னு மார்க் கிடையாது, சரளம், சொல் வளம், கிராமர், உச்சரிப்பு, இந்த நாலுதான். அதனால எக்ஸாமினர் மனசு புண்படுமோன்னு பயப்படாத, ஒரு பக்கம் நில்லு, ஏன்னு சொல்லு, ஒரு உதாரணம் குடு. ஆனா எல்லா வாக்கியத்தையும் "இன் மை ஒப்பீனியன்"ல ஆரம்பிக்காத, ஒரு தடவ ஐட் சே, ஒரு தடவ ஐ டெண்ட் டு திங்க்னு மாத்திக்கோ. "ஐ சப்போஸ் இட் டிபெண்ட்ஸ் ஆன்..."னு ஆரம்பிச்சா யோசிக்கவும் ரெண்டு செகண்ட் கெடைக்கும். கேள்வி புரியலன்னா அமைதியா உக்காராம "டு யூ மீன்...?"னு கேட்டுடு.

மழைக்காலம்:

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். இன்னிக்கு அந்த மேடம்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசுனேன். முந்தின நாள் ராத்திரி மூணு வாக்கியம் எழுதி வச்சுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் போனேன். முதல்ல "ஐ வான்டட் டு சே சாரி அபௌட் லாஸ்ட் வீக், இட் கேம் அவுட் ராங்"னு சொன்னேன். டவுட்னா எங்க பக்கம் கேள்விதான்னும் சொன்னேன், அவங்க ஆச்சரியப்பட்டு "ஓ!"ன்னாங்க, அந்த ஓவுலயே எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு. அப்புறம் "ஐ ரியலி லைக் த டிசைன். ஐ ஜஸ்ட் டோன்ட் திங்க் த பட்டன் இஸ் வெரி ஈஸி டு ஃபைண்ட். வுட் இட் ஹெல்ப் இஃப் வீ மூவ்ட் இட் அப்?"னு கேட்டேன்.

அவங்க உடனே ஸ்க்ரீன ஷேர் பண்ணி பட்டன மேல இழுத்து வச்சுப் பாத்தாங்க. "யா, தட்ஸ் பெட்டர்"னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு பக்கத்தத் திறந்து "வாட் டு யூ திங்க் ஆஃப் தீஸ்?"னு கேட்டாங்க. இந்தத் தடவ "ம்ம், லெட் மீ லுக்"னு சொல்லிட்டு நிதானமாப் பாத்தேன். அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்ச பேச்சு நாப்பது நிமிஷம் போச்சு.